ஆவணத்தைத் திறந்து காட்டாத உலாவி: ஃபயர்பாக்ஸின் பிடிஎஃப் காட்டி பற்றி ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நாங்கள் நடத்திவரும் உதவி முகப்பின் கணினிகளில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் வந்து அமர்கிறார். ஊழியர் சேமநிதி அறிக்கையை எடுக்க வரும் ஓய்வுபெற்றவர், வருமான வரிப் பாரத்தை அச்சிட வரும் லாரி ஓட்டுநர், பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தைத் தேடி வரும் மாணவி என எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: இணையத்தில் இருக்கும் பிடிஎஃப் ஆவணம் திரையில் திறக்க வேண்டும், படித்து அச்சிட்டு முடிந்ததும் அதன் தடம் கணினியில் இருக்கக்கூடாது. உலாவி அதைத் திறந்து காட்டாமல் வட்டில் இறக்கிவிட்டால், அடையாள அட்டை எண்ணும் சம்பள விவரமும் அடங்கிய கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையிலேயே தங்கி, அடுத்து அமர்பவரின் கண்ணில் படும். இந்தக் காரணத்துக்காகவே ஃபயர்பாக்ஸ் உலாவியில் உள்ளமைந்திருக்கும் பிடிஎஃப் காட்டியை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அது எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் குறைபடுகிறது, ஆவணம் திறக்க மறுக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும் என்பவற்றை அன்றாடப் பயன்பாட்டை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய ஆலோசனையை ஒதுக்கிவிட வேண்டும். பிடிஎஃப் திறக்கவில்லை என்றால் அடோபி ரீடரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொல்லும் வழக்கம் கணினிக் கடைகளில் இன்றும் இருக்கிறது. ரீடர் தன் செருகுநிரலை, அதாவது உலாவியோடு இணைந்து இயங்கும் துணை நிரலை, உலாவிக்குள் வைத்து ஆவணத்தைக் காட்டிய காலத்தில் அது பொருத்தமான ஆலோசனையாக இருந்தது. அந்தச் செருகுநிரல் முறையை குரோம் 2015 செப்டம்பரில் வந்த 45ஆம் பதிப்போடு முற்றாகக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ், ஃபிளாஷ் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, 2017 மார்ச்சில் வந்த 52ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. இன்றைய உலாவிகள் பிடிஎஃப் ஆவணத்தைத் தாங்களே படித்துக் காட்டுகின்றன. ஆகவே ரீடர் இருப்பதும் இல்லாததும் இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலும் தொடர்பற்றவை.

ஃபயர்பாக்ஸின் காட்டிக்கு பிடிஎஃப்.ஜேஎஸ் என்று பெயர். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா இதனை 2011இல் தொடங்கி, 2013 பிப்ரவரியில் வெளிவந்த 19ஆம் பதிப்பிலிருந்து உலாவியோடு சேர்த்தே வழங்கி வருகிறது. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதால், ஒரு சாதாரண இணையப் பக்கத்துக்கு உலாவி விதிக்கும் கட்டுப்பாடுகள் இதற்கும் பொருந்துகின்றன. ஆவணத்தில் எவரேனும் தீய நோக்கத்தோடு எதையாவது ஒளித்துவைத்திருந்தாலும் அது கணினிக்குள் நேரடியாக நுழைவது கடினம். இதனால் ஆபத்தே இல்லை என்று கொள்ளக்கூடாது. எழுத்துருக்களைக் கையாளும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டை, ஆவணத்துக்குள் வைக்கப்பட்ட நிரலை இயங்கவிடக்கூடியது என்று கண்டறியப்பட்டு, 2024 மே மாதத்தில் வந்த 126ஆம் பதிப்பில் அடைக்கப்பட்டது. பொதுக் கணினி வைத்திருப்பவர்கள் பதிப்பைப் புதுப்பிப்பதில் சுணக்கம் காட்டலாகாது.

ஆவணம் திறக்கவில்லை என்று ஒருவர் சொன்னதும், கோளாறு உலாவியில் இருக்கிறதா ஆவணத்தை அனுப்பும் தளத்தில் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதே உலாவியில் வேறொரு தளத்தின் பிடிஎஃப் ஆவணத்தைத் திறந்து பார்த்தால் போதும். அதுவும் திறக்காவிட்டால் குறை உலாவியின் அமைப்பில் இருக்கிறது. அது மட்டும் ஒழுங்காகத் திறந்தால் முந்தைய தளம் ஆவணத்தை அனுப்பும் முறையைச் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் உலாவியையே நீக்கி மறுபடி நிறுவுவதில் நேரம் வீணாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அமைப்பில் உள்ள குறை எளிதில் தீரும். செட்டிங்ஸ் பக்கத்தில் ஜெனரல் பகுதியில் கீழே இறங்கினால் அப்ளிகேஷன்ஸ் என்ற பட்டியல் வரும். அதில் போர்ட்டபிள் டாக்குமென்ட் ஃபார்மேட் என்ற வரிக்கு எதிரே ‘ஓப்பன் இன் ஃபயர்பாக்ஸ்’ என்று இருக்க வேண்டும். எவரோ ஒருவர் என்றோ அதனை ‘சேவ் ஃபைல்’ என்று மாற்றியிருப்பார். அல்லது விண்டோஸின் இயல்பான செயலிக்கு அனுப்பும்படி விட்டிருப்பார். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் வேறு எதையும் தேர்ந்தெடுக்காதவரை அந்த இயல்பான செயலி மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியாகவே இருக்கும். அதனால் ஃபயர்பாக்ஸில் சொடுக்கிய ஆவணம் எட்ஜில் திறக்கிறது என்று குழம்பிப்போய் வருகிறவர்கள் உண்டு. இந்த வரியைச் சரியாக வைத்த பிறகும் பலனில்லை என்றால், முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்து திறக்கும் அபவுட்:கான்ஃபிக் என்ற பக்கத்தில் பிடிஎஃப்ஜேஎஸ்.டிசேபிள்ட் என்ற மதிப்பு ‘ஃபால்ஸ்’ என்று இருக்கிறதா எனப் பார்க்கலாம். அதுவும் ஒழுங்காக இருந்தால், உலாவியை மூடிவிட்டு, பயனர் விவரக் கோப்புறையில் உள்ள ஹேண்ட்லர்ஸ்.ஜேசான் என்ற கோப்பை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். மறுமுறை திறக்கும்போது ஃபயர்பாக்ஸ் அதனைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். எந்த வகைக் கோப்பை என்ன செய்வது என்ற பழைய முடிவுகள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் சேமிக்கப்படுகின்றன.

தளம் அனுப்பும் முறையால் வரும் சிக்கல்தான் கடினமானது. இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதும் அதுவே. ஆவணத்தை அனுப்பும் சர்வர், கடித உறையின்மேல் குறிப்பு எழுதுவதுபோல, அதனோடு சில தலைப்புவரிகளையும் சேர்த்து அனுப்புகிறது. இது இன்ன வகைக் கோப்பு என்று ஒரு வரி சொல்லும். இதனைத் திரையில் காட்டு அல்லது இணைப்பாக இறக்கிக்கொள் என்று இன்னொரு வரி சொல்லும். இரண்டாவது வரியில் ‘அட்டாச்மென்ட்’ என்ற சொல் இருந்துவிட்டால், மேலே சொன்ன அமைப்புகள் எப்படி இருந்தாலும் கோப்பு வட்டில் இறங்கிவிடும். நாங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஓர் அலுவலகத்தின் தளம் மாதாந்தர அறிக்கைகளை இப்படித்தான் அனுப்புகிறது. எல்லார் அறிக்கைக்கும் ஒரே கோப்புப் பெயர் என்பதால், டவுன்லோட்ஸ் கோப்புறையில் அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்கள் ஏறியபடி மாலைக்குள் அவை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வருமான விவரம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும்.

2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பு முதல், இப்படி வரும் ஆவணத்தை ஃபயர்பாக்ஸ் இறக்கிவைத்துக்கொண்டு உடனே ஒரு தாவலில் திறந்தும் காட்டுகிறது. பார்ப்பவருக்கு ஆவணம் நேரடியாகத் திறந்தது போலவே தோன்றும். தாவலை மூடினால் எல்லாம் முடிந்தது என்று எழுந்து போய்விடுவார். முகவரிப் பட்டையைக் கவனித்தால்தான் உண்மை தெரியும். அங்கே எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் நீங்கள் தளத்திலிருந்து வந்ததைப் பார்க்கிறீர்கள். ஃபைல் என்று தொடங்கி மூன்று சாய்கோடுகள் தெரிந்தால் உங்கள் வட்டில் ஒரு நகல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. எங்கள் தன்னார்வலர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த அடையாளத்தைத்தான். தனிப்பட்ட சாளரத்தில் (பிரைவேட் விண்டோ) திறந்தாலும் இறங்கிய கோப்பு தானாக அழிந்துவிடும் என்று நம்பக்கூடாது. அந்தச் சாளரம் பார்த்த பக்கங்களின் வரலாற்றை மறக்கிறதே தவிர, வட்டில் சேமித்ததைப் பொதுவாக விட்டுவைக்கிறது.

இதற்கு ஃபயர்பாக்ஸில் ஒரு தீர்வு இருக்கிறது. அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் பிரவுசர்.டவுன்லோட் என்று தொடங்கி, ஓப்பன், பிடிஎஃப், அட்டாச்மென்ட்ஸ், இன்லைன் என்ற சொற்களை அடிக்கோட்டால் இணைத்து முடியும் ஒரு வரி உண்டு. அதன் மதிப்பை ‘ட்ரூ’ என்று மாற்றிவிட்டால், இணைப்பாக அனுப்பப்படும் பிடிஎஃப் ஆவணமும் வட்டில் இறங்காமல் நேரே தாவலில் திறக்கிறது. இதைத் தனிப்பட்ட சாளரத்தோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது, உலாவி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடைச்சேமிப்பும் நினைவகத்தோடு நின்றுவிடுவதால், சாளரத்தை மூடியதும் ஆவணமும் போய்விடுகிறது. பொதுக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இவ்வளவு பயனுள்ள ஒன்றை எச்சரிக்கைப் பலகை தாண்டி உள்ளே போனால்தான் கிடைக்கும் இடத்தில் வைத்திருப்பது சரியில்லை. நூலகம், பள்ளி, ஆலய அலுவலகம் போன்ற இடங்களில் கணினியைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வல்லுநர்கள் அல்லர். அவர்கள் கண்ணில் படும்படி பொது அமைப்புகளிலேயே இது இடம்பெற வேண்டும்.

குரோமிலும் உள்ளமைந்த காட்டி இருக்கிறது. பிடிஎஃபியம் என்ற அதன் இயந்திரம் ஃபாக்ஸிட் நிறுவனத்தின் நிரலிலிருந்து உருவாகி 2014இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. பெரிய ஆவணங்களை அது வேகமாகக் காட்டுகிறது. இதை மறுக்க முடியாது. குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ் பகுதிக்குள் பிடிஎஃப் ஆவணங்கள் என்ற இடத்தில் திறப்பதா இறக்குவதா என்று தேர்ந்தெடுக்கலாம், எட்ஜிலும் அப்படியே. ஆனால் தளம் இணைப்பாக அனுப்பும் ஆவணத்தைத் தாவலிலேயே காட்டச் சொல்லும் வழி குரோமின் அமைப்புகளில் எனக்குத் தென்படவில்லை. வீட்டில் தனியாகப் பயன்படுத்துகிறவருக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது.

உலாவியும் தளமும் சரியாக இருந்தும் ஆவணம் வராத நேரங்களும் உண்டு. பல தளங்கள் அறிக்கையைப் புதிய சாளரத்தில் திறக்கின்றன. ஃபயர்பாக்ஸ் அதனை விளம்பரச் சாளரம் என்று எண்ணித் தடுத்துவிட்டால், பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பக்கத்தின் மேலே வரும் அறிவிப்புப் பட்டையில் அந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். பதிவிறக்கத்தை விரைவுபடுத்தும் மென்பொருள்கள், பிடிஎஃப் ஆவணங்களைக் கைப்பற்றிக்கொள்ளும் நீட்சிகள் (உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள்) ஆகியவையும் குறுக்கே நிற்கும். ஹெல்ப் பட்டியலில் உள்ள ட்ரபிள்ஷூட் மோட் வழியாக உலாவியைத் திறந்தால் நீட்சிகள் எதுவும் இயங்கா. அந்நிலையில் ஆவணம் திறந்தால் குற்றவாளி நீட்சிகளில் ஒன்றுதான்.

தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை இந்தக் காட்டி நன்றாகவே காட்டுகிறது, ஆனால் நன்றாகத் தேடுவதில்லை. எழுத்துரு உள்ளேயே பதிக்கப்பட்ட ஆவணம் என்றால் எழுத்துகள் துல்லியமாகத் தெரியும். தமிழ்ப்பள்ளிகளின் பழைய சுற்றறிக்கைகளும் ஆண்டு மலர்களும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய டிஸ்கி, பாமினி போன்ற முறைகளில் தட்டச்சானவை. எழுத்துருவைப் பதிக்காமல் அவற்றை பிடிஎஃப் ஆக்கியிருந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். அதனைக் கண்டு உலாவி கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். காட்டியின் கருவிப் பட்டியலில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்தால், ஆவணம் எந்த மென்பொருளில், எப்போது உருவானது என்பது தெரியும். அதைக் கொண்டே பழைய முறை ஆவணம் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஒருங்குறியில் செய்த ஆவணங்களிலும் தேடல் சறுக்குகிறது. ‘கொடுத்தார்’ என்ற சொல் கண்முன்னே இருந்தும் கிடைக்காமல் போகும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரையப்படுவதால், ஆவணத்துக்குள் அது சில வேளைகளில் எழுத்துவரிசை மாறிப் பதிவாகியிருக்கும். இது ஆவணத்தை உருவாக்கிய மென்பொருளின் குறை என்பதால் வேறு உலாவிக்கு மாறியும் பயனில்லை. கொம்பு இல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்து தேடிப் பார்க்கலாம்.

கனடாவுக்குச் செல்ல விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் குடிநுழைவுப் படிவங்கள் வேறு வகை. எக்ஸ்எஃப்ஏ என்ற அமைப்பில் உள்ள அவை பல காட்டிகளில் ‘காத்திருக்கவும்’ என்ற ஆங்கில வாசகத்தோடு நின்றுவிடும். எவ்வளவு காத்திருந்தாலும் மாற்றம் இராது. ஃபயர்பாக்ஸ் 2021 அக்டோபரில் வந்த 93ஆம் பதிப்பிலிருந்து இவ்வகைப் படிவங்களைத் திறந்து காட்டுகிறது. படித்துப் பார்க்க அது போதும். நிரப்பிச் சரிபார்த்து அனுப்புவதற்கு மட்டும் அடோபி ரீடரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. சாதாரணப் படிவமாக இருந்தால் 106ஆம் பதிப்பு முதல் காட்டிக்குள்ளேயே எழுதவும் வரைந்து கையொப்பமிடவும் முடிகிறது.

பழைய கணினிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இயங்கும் கடைசி ஃபயர்பாக்ஸ் 115ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்புதான். மேலே சொன்ன அமைப்புகள் அதிலும் வேலை செய்கின்றன. ஆனால் அதற்குப் பின் வந்த வசதிகளை எதிர்பார்க்கக்கூடாது. தனியாகக் கணினி வைத்திருப்பவருக்கு எந்த உலாவியும் ஏறக்குறைய ஒன்றுதான். பலர் கைமாறும் கணினிக்கு, இணைப்பாக வரும் ஆவணத்தைத் தாவலிலேயே திறக்கும் அந்த ஒரு வரியை மாற்றிவைத்த ஃபயர்பாக்ஸையே பரிந்துரைக்கிறேன்.