ஒரே சந்தாவா, ஆசிரியர் கட்டணமா, களஞ்சியமா?

ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் போனால், சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு டாலரில் காசு கேட்கிறார்கள். இந்தியாவில் இதைத் தாண்ட மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, அரசே மொத்தமாகச் சந்தா கட்டுவது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். கணக்குப் போட்டால் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம். எல்சவியர் போன்ற பெரிய பதிப்பகங்களின் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாத அரசுக் கலைக் கல்லூரிக்கு இது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் திட்டம் தொடங்கியபோது சுயநிதிக் கல்லூரிகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லவே வேண்டாம். தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவருக்கும் இதே கதிதான். மூன்று ஆண்டு முடிந்ததும் மறுபடி பேரம் வேறு.

இரண்டாவது, 'கோல்டு' முறை. வாசிப்பவருக்கு இலவசம், எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டும். நேச்சர் இதழ் 2021இல் இதற்கு 9,500 யூரோ வைத்தது. அன்றைக்கு எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். இங்கே பல ஆய்வுத் திட்டங்களின் மொத்த நிதியே அவ்வளவு இருக்காது! இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது, 'கிரீன்' முறை. கட்டுரை எந்த இதழில் வந்தாலும் சரி, இதழ் ஏற்றுக்கொண்ட கைப்பிரதியை, யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஓர் இணையக் களஞ்சியத்தில் போட்டுவிடுவது. இயற்பியலாளர்கள் 1991இலிருந்து 'ஆர்க்கைவ்' (arXiv) தளத்தில், இதழ் ஏற்பதற்கு முந்தைய முன்வரைவுகளையே இப்படிப் போட்டு வருகிறார்கள். 'டிஸ்கிரீட் அனாலிசிஸ்' என்ற கணித இதழ் அதற்கும் ஒரு படி மேல்: கட்டுரைகள் ஆர்க்கைவிலேயே இருக்கும், இதழ் மதிப்பாய்வு செய்து இணைப்பு மட்டும் தரும். எழுதுபவருக்கும் செலவில்லை, வாசிப்பவருக்கும் செலவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சில பதிப்பகங்கள் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்லும். பக்க எண்ணும் அச்சு அழகும் கைப்பிரதியில் இருக்காது. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இலேயே, தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு இதைக் கொள்கையாக அறிவித்தன. பின்பற்றியவர்கள்தான் குறைவு. போடாதவருக்கு அடுத்த நிதி கிடையாது என்று கறாராக இருந்திருந்தால், இலவசப் பிரதிகள் கையில் இருக்கும் தைரியத்தில் சந்தா பேரத்தில் நம் கை ஓங்கியிருக்கும்.

அதுவரை, அன்பேவால் (Unpaywall) என்ற இலவச நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி கிடைக்கும் இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அது காட்டிவிடும்.