வாண்டெகெயாவில் ஒரு காலைக் கட்டோகோ

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், மக்கரேரே பல்கலைக்கழகத்தை ஒட்டிய வாண்டெகெயா பகுதியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய உணவுக்கடை இருக்கிறது. காலையில் மட்டும் கிடைக்கும் கட்டோகோவுக்காகக் கடந்த இரண்டு மாதங்களில் ஆறு முறை அங்கே சென்றிருக்கிறேன். மட்டோக்கே எனப்படும் பச்சை வாழைக்காயைக் குடலோடோ பீன்ஸோடோ நிலக்கடலைச் சாந்தோடோ சேர்த்து ஒரே பானையில் வேகவைக்கும் உகாண்டா நாட்டுக் காலை உணவுதான் கட்டோகோ. இதே காயை மற்ற வேளைகளில் வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்துவிடுவார்கள். கட்டோகோவிலோ காய் உடையாமல் முழுதாக நிற்க வேண்டும். நின்றபடியே உள்ளே வெண்ணெய் போல வெந்திருக்கவும் வேண்டும்.

அந்தப் பக்குவம் இந்தக் கடையில் இருக்கிறது. அடுப்பு வாசலருகிலேயே இருப்பதால், ஒருநாள் விடியற்காலையில் சென்று வேலை முழுவதையும் பார்த்தேன். சமைக்கும் அம்மையார் மாட்டுக் குடலைப் பலமுறை அலசி, உப்புச் சேர்த்துத் தனியே நெடுநேரம் வேகவிட்டு, அது நன்றாக மெத்தென்று ஆன பிறகுதான் காயைத் தொடுகிறார். வாழைக்கறை கையில் பிடித்தால் எளிதில் போகாது என்பதால் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தோலை நீளவாக்கில் சீவி, காய் கறுப்பதற்குள் தண்ணீரில் போடுகிறார். பிறகு காய்களைக் குடலின்மேல் அடுக்கி, வெங்காயமும் தக்காளியும் சேர்த்து, வாழையிலையால் மூடி, சிகிரி என்னும் கரியடுப்பில் வைத்துவிட்டால் கரண்டி போடுவதே இல்லை; துணியால் பானையைப் பிடித்து இடையிடையே ஒரு குலுக்குக் குலுக்குவதோடு சரி. வெளிறியிருந்த காய் வேக வேக மஞ்சளாகிறது. அதிலிருந்து இறங்கும் மாவே குழம்பைக் கெட்டியாக்கிவிடுகிறது.

நம் மொந்தன் காயை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சாப்பிட உட்காரக் கூடாது. இது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களுக்கே உரிய வேறு வாழையினம். வெந்தபின் ஈரப்பதமும் இலேசான புளிப்பும் கொண்டிருப்பதால், குடலின் கொழுப்புக்கு மிகவும் பொருந்துகிறது. மசாலா எதுவும் தூக்கலாக இல்லை, அது எனக்குக் குறையாகவும் படவில்லை. தட்டில் ஒரு துண்டு வெண்ணெய்ப்பழமும், முளைக்கீரை இனத்தைச் சேர்ந்த டோடோ கீரையும் வைக்கிறார்கள். இஞ்சி தட்டிப் போட்ட பால் தேநீரும் சேர்த்து 7,000 ஷில்லிங் கொடுத்தேன்.

நிலக்கடலைக் கட்டோகோவை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். கடலையின் பச்சை வாசனை போகாததால் மறுமுறை கேட்கவில்லை. பீன்ஸ் கட்டோகோ நன்றாகவே இருக்கிறது. ஆனால் குடல் பானைக்கும் பீன்ஸ் பானைக்கும் ஒரே அகப்பையைப் பயன்படுத்துவதைப் பார்த்தேன், புலால் உண்ணாதவர்கள் முன்கூட்டியே சொல்லித் தனி அகப்பை கேட்டுக்கொள்வது நல்லது. நேரம் தவறினாலும் ஏமாற்றந்தான்: ஒன்பதரை மணிக்குச் சென்ற ஒருநாள், காய்கள் கரைந்து கூழாகி, தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிய குழம்பில் உப்பும் குறைந்திருந்தது.

ஏழரை மணிக்குள் சென்றுவிடுங்கள். பானையின் அடியில் இலேசாகப் பிடித்து, குடலின் சாறு முழுவதும் ஊறியிருக்கும் காயைக் கேட்டால், அந்த அம்மையார் மரக்கரண்டியால் சுரண்டித் தனியே எடுத்துத் தருகிறார்.