கல்லடியில் ஆறு மாதம்: ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த என் தாயை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலிருந்து கல்லடி வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, இரண்டு தனியார் பராமரிப்புச் சேவைகளை அடுத்தடுத்து நாடினோம். இரண்டிலும் குறைகள் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். ஆள் தேடும் குடும்பங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கே இதை எழுதுகிறேன்.

முதற் சேவை அனுப்பிய பெண் சுத்தமானவர், நேரந்தவறாதவர். ஆனால் தான் முன்பு வேலை செய்த வீடொன்றின் முதியவர் இரவில் படுக்கையை நனைத்த கதையை, ஊரும் தெருவும் விளங்கும்படி என் தாயின் கட்டிலருகே இருந்தே சொன்னார். ஒருவருக்கொருவர் ஏதோவொரு வழியில் சொந்தமாகிவிடும் எங்கள் ஊர்களில், நாளை எங்கள் வீட்டுக் கதையும் இப்படித்தான் இன்னொரு வீட்டுக்குப் போகும் என்பது அன்றே புரிந்தது. பொறுப்பாளரிடம் முறையிட்டபோது, "அவ நல்ல பிள்ளைதானே" என்று மட்டும் பதில் வந்தது. நல்ல பிள்ளை என்பதை நானும் மறுக்கவில்லை. தொழிலில் அறிந்த இரகசியத்தைக் காப்பது நல்ல குணத்தால் தானாக வந்துவிடாது. அதைச் சேவை நடத்துபவர் கற்பித்திருக்க வேண்டும்.

இரண்டாவது சேவையிலிருந்து வந்தவர் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற்ற பராமரிப்பாளர். முதல் நாட் காலை, "அம்மா, இப்ப முதுகைத் துடைக்கப் போறன், சரியா?" என்று கேட்டுவிட்டு, பேச்சு தெளிவற்றுப்போன என் தாய் தலையசைக்கும்வரை துணியை வெந்நீர்ச் சட்டியிலேயே வைத்திருந்தார். சட்டை அணிவிக்கும்போது செயலிழந்த கையை முதலில் நுழைத்தார். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்கினார். இந்த ஒழுங்கு மாறினால் தளர்ந்த தோள் இழுபட்டு வலிக்கும். வலக்கையால் தானே உண்ணக்கூடிய என் தாய்க்கு, அவசரத்தில் நாங்கள் இரண்டு வாரமாக ஊட்டிக்கொண்டிருந்தோம். அவர் கரண்டியைத் தாயின் கையிற் கொடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு வாயும் விழுங்கப்படும்வரை பொறுத்திருந்தார். அரை மணித்தியாலம் எடுத்த அந்தக் கஞ்சியை நான் மறக்கமாட்டேன்.

எனக்கு முழு நம்பிக்கை வந்தது ஒரு தவறினாலேதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை படுக்கும் பக்கத்தை மாற்றி, அதைக் கொப்பியில் எழுதுவது அவருடைய வழக்கம். ஒரு மாலை அதில் இவ்வாறு இருந்தது: "நண்பகல் திருப்பவில்லை, என் பிழை. இடக் குதிகாலில் சிவப்பு, விரலால் அழுத்தியும் மாறவில்லை." அழுத்தியும் வெளிறாத சிவப்பு படுக்கைப் புண்ணின் தொடக்கம். எழுதாமல் விட்டிருந்தால் நாங்கள் ஒருநாளும் அறிந்திருக்கமாட்டோம். அன்றே கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையிற் படாமல் உயர்த்தினோம். தோல் உடையவில்லை. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு வேண்டிய நேர்மையை எந்தச் சான்றிதழாலும் முன்கூட்டிக் காட்டிவிட முடியாது.

இந்தச் சேவையிலும் குறை உண்டு. அவர் விடுமுறையில் நின்ற நாளில் வந்த மாற்றாள் கொப்பியைத் திறக்கவே இல்லை. செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கி என் தாயை அலறவைத்தார். நாங்கள் செலுத்தும் கட்டணத்தில் எவ்வளவு பராமரிப்பாளருக்குப் போகிறது என்று கேட்டதற்கும் தெளிவான பதில் இல்லை. பன்னிரண்டு மணித்தியாலம் இன்னொருவரின் உடலைத் தாங்கி நிற்பவரின் முதுகு நோவையும் ஓய்வையும் சேவை கவனியாவிட்டால், அந்தப் பொறுமையை எத்தனை மாதம் எதிர்பார்க்க முடியும்?

நம் நாட்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே, 9ஆம் இலக்கச் சட்டமாக வந்துவிட்டது. ஆயினும் ஆள் அமர்த்தும்போது குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பது சம்பளத்தையும் சமைப்பாரா என்பதையுமே. நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம்.

இன்னும் மூன்று மாதத்துக்கு இதே சேவையைத் தொடரத் தீர்மானித்திருக்கிறோம். மாற்றாள் முந்திய நாளே வந்து கொப்பியை வாசித்து, ஒரு வேளையாவது வழமையான பராமரிப்பாளருடன் நின்று பழக வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் கொடுத்தோம்; பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டிருக்கிறார்.