சென்னை மாநகர பஸ்: சொந்த டீசலா, ஒப்பந்த மின்சாரமா?

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதல் 120 மின்சார பஸ்கள் கிளம்பியதிலிருந்து, டீசலா மின்சாரமா என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புகையில்லை, சத்தமில்லை, அந்த விஷயத்தில் என் ஓட்டும் மின்சாரத்துக்குத்தான் (அந்த மின்சாரத்துக்காக எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிகிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டே சொல்கிறேன்). ஆனால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் எம்டிசி (சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம்) தாக்குப்பிடிக்குமா என்று கேட்டால், பார்க்க வேண்டியது வண்டி யாருடையது என்பதைத்தான்.

டீசல் பஸ் எம்டிசியின் சொத்து. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனில் வந்த தாழ்தள பஸ்களும் அப்படித்தான். உலக வங்கி உதவியோடு வரும் 625 மின்சார பஸ்களோ தனியார் நிறுவனத்துடையவை. ஓட்டுநரும் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு, நடத்துநரும் டிக்கெட் காசும் எம்டிசியுடையது. ஓடிய கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று எம்டிசி கொடுத்துவிட வேண்டும்.

சொந்த வண்டியின் கஷ்டம் ஊருக்கே தெரிந்ததுதான். பஸ் கட்டணம் கடைசியாகப் பெரிதாக ஏறியது 2018 ஜனவரியில். அன்றைக்கு டீசல் 70 ரூபாய்க்குள் இருந்தது, இப்போது 90ஐத் தாண்டிவிட்டது. 2021லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். நல்ல திட்டம்தான், ஆனால் மானியம் வந்தால்தான் வண்டி ஓடும். போதாக்குறைக்கு ஓய்வூதியர்களின் அகவிலைப்படி பாக்கி. 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் அதுவும் ஒரு கோரிக்கை. இதையெல்லாம் பார்க்கிற அரசுக்கு, மொத்தமாக முதல் போட வேண்டாம், ஓட்டுநருக்கு ஓய்வூதியமும் தர வேண்டாம் என்று ஒருவர் வந்து நின்றால் இனிக்கத்தானே செய்யும்?

கசப்பு பிற்பாடு வரும். கையில் காசு இல்லாத வருஷத்தில் பழைய டீசல் வண்டியை ஒட்டுப்போட்டாவது ஓட்டிவிடலாம், நம் மெக்கானிக்குகள் அதில் கில்லாடிகள். ஒப்பந்த பஸ்ஸில் அது நடக்காது. வண்டியில் நாலு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் கிலோமீட்டர் பில் வந்து நிற்கும். மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் காசு தராமல் இழுத்தடிக்கும் என்ற பயம் இந்த நிறுவனங்களுக்கு இருக்கிறது. அதற்காகவே மத்திய அரசு 2024இல் 3,435 கோடி ரூபாயில் ஒரு பணப் பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்தது.

நிறுத்தத்தில் நின்று பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. சொந்த பஸ்ஸில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கலெக்‌ஷனுக்கு ஏற்ப பேட்டா. இலவசப் பயணிகள் கூட்டமாக நின்றால் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்ற புகார் அதனால்தான் முளைக்கிறது. கிலோமீட்டருக்குக் காசு வாங்குகிறவருக்கு யார் ஏறினாலும் ஒன்றுதான். ஆனால் யாருமே ஏறாவிட்டாலும் ஒன்றுதானே? தவிர, நடத்துநருக்கு ஒரு முதலாளி, ஓட்டுநருக்கு வேறொரு முதலாளி. "அந்த அம்மா ஓடி வர்றாங்க, நிறுத்துப்பா" என்று நடத்துநர் விசில் அடித்தும் வண்டி நகர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மெட்ரோ. இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., ரூ. 63,246 கோடி. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ரயில் முழுசாக ஓட ஆரம்பித்ததும் ஆற்காடு சாலையில் நீளமாக ஓடும் பஸ்களுக்கு வேலை குறையும். ஸ்டேஷனிலிருந்து உள்தெருக்களுக்குப் போகும் சின்ன பஸ்கள்தான் வேண்டியிருக்கும். டீசல் வண்டியை ஒரே வாரத்தில் வேறு தடத்துக்கு மாற்றிவிடலாம். சார்ஜர் நட்ட பணிமனையையும், இத்தனை கிலோமீட்டர் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் அப்படி மாற்ற முடியாது.

ஆகவே என் கட்சி இது: மெட்ரோ வராத, நாள் முழுக்கக் கூட்டம் குறையாத தடங்களை ஒப்பந்த மின்சார பஸ்ஸுக்குக் கொடுக்கலாம். மெட்ரோ வரப்போகும் சாலைகளும், மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் புறநகர்த் தடங்களும் சொந்த வண்டியிடம் இருக்கட்டும். அப்புறம், அடுத்த டெண்டரில் எம்டிசி மெக்கானிக்குகளுக்கு பேட்டரி வேலையில் பயிற்சி, ஒப்பந்தம் முடியும்போது சார்ஜர்கள் எம்டிசிக்கே சொந்தம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். டெண்டர் முடிந்தபிறகு கேட்டால் அதற்கும் தனியாக ஒரு பில் வரும்.