காரங்காடா, குருசடையா? காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் வழிகாட்டியோடு படகில் போய்ப் பார்க்க மூன்று இடங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்: காரங்காடு அலையாத்திக் காடு, ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசை, பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவு. எந்த மாதம் போகப் போகிறீர்கள் என்று சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும்.

காரங்காடு பாக் விரிகுடாவில், அதாவது வடகடலில் இருக்கிறது. மற்ற இரண்டும் மன்னார் வளைகுடாவில், தென்கடலில். மே கடைசி முதல் செப்டம்பர் வரை சோழகக் காற்றில், அதாவது தென்மேற்குக் காற்றில், தென்கடல் புரளும். வடகடல் அப்போது அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் குருசடைக்குத் திட்டம் போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். படகு ஓடினாலும் அலை வண்டலைக் கிளப்பிவிடும். படகின் அடிக் கண்ணாடி வழியே கலங்கல்தான் தெரியும். மார்ச், ஏப்ரல் இரு கடலுக்கும் தோதான காலம்.

காரங்காட்டுக்குக் காற்றைவிட நீர்மட்டம் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டிக்குப் போகும் வழியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் காட்டுக்குள் படகு போகும் ஓடை ஆழமில்லாதது. அந்தக் கொஞ்ச நீர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏற்றத்தில் படகு மரங்களுக்கு நடுவே போகும், ஆனால் வேர்கள் மூழ்கியிருக்கும். வற்றத்தில் சேறு வெளியே வரும். வெண்கண்டலின் சுவாச வேர்கள் சேற்றில் குத்திவைத்த பென்சில்கள் மாதிரி விரல் தடிமனில் நிமிர்ந்து நிற்கும், நாரையும் உள்ளானும் இரை தேடி இறங்கும். ஆனால் இஞ்சினின் விசிறி சேற்றில் தட்டும் என்பதால் படகு உள்ளே போகாது. நீர் இறங்கத் தொடங்கும் நேரத்தில் ஏறுவதுதான் சரி: போகும்போது காடு, திரும்பும்போது பறவை. “அன்னிக்கு ஏத்தம் எத்தனை மணிக்கு?” என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் கூடும், அஷ்டமியை ஒட்டிக் குறையும்.

வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை. அது வாடைக் காலம்தான், ஆனாலும் ஓடைக்குள் அலை ஏறாது. முகத்துவாரத்தைத் தாண்டிப் போவதை மட்டும் படகோட்டி தவிர்ப்பார்.

காரங்காட்டில் படகா, கயாக்கா என்றால், துடுப்புப் போடத் தெம்பு இருப்பவர்களுக்குக் கயாக்தான். இஞ்சின் சத்தம் இல்லாததால் பறவை எழும்பாது. இருவர் போனால் பலசாலி பின்னால் உட்கார வேண்டும். போகும்போது எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். பக்கவாட்டில் ஒதுங்கும்போது கிளையைப் பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு: உடம்பு நின்றுவிடும், கயாக் நகர்ந்துகொண்டே இருக்கும், கவிழும். துடுப்பால் தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு இறங்கவே கூடாது, வேரில் ஒட்டிய சிப்பி கத்தியாய்க் கீறும்.

பிச்சைமூப்பன்வலசையில் மணல்திட்டும் கடல்புல்லும்தான். ஏர்வாடிப் பக்கம் போகும்போது சிறிது நேரம் இருந்தால், தென்கடல் அடங்கியிருக்கும் காலத்தில் நல்ல இடம். அதற்காகவே தனியாகப் புறப்பட்டு வர வேண்டாம்.

குருசடைக்குப் படகு பாம்பன் தீவின் குந்துகாலில், 1897இல் விவேகானந்தர் கரையிறங்கிய இடத்தருகே. 1986இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் இதுவும் ஒன்று. பவளப்பாறை பார்க்க நினைப்பவர்களுக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. காலை ஒன்பதுக்கு மேல், வெயில் ஏறி, கடற்காற்று வலுக்கும் முன் போனால் அடிவரை தெரியும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக் குழந்தை எடுத்தாலும் கீழே போடச் சொல்லுங்கள். 2001 முதல் பவளம் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, செத்த துண்டும் அதில் அடக்கம்.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் காரங்காட்டுப் படகு. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று ஏறும் முன் பாருங்கள். பெரியவர் சட்டையை இறுக்கிக் கட்டினாலும் தண்ணீரில் தலைக்கு மேல் உருவிக்கொள்ளும்.