‘காலை உணவு 11 மணி வரை’ என்ற பலகையை நம்பி உட்கார்ந்தோம்

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு டைனர் என்கிற சாதாரண உணவகத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள், அதிலும் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பணம் கூடுதலாகப் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே என் அம்மாவுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய ஏழு வயது மகள், நான். வாசலில் பெரிய பலகை: காலை உணவு 11 மணி வரை, பிரஞ்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு) 11 மணி முதல். உள்ளே உட்கார்ந்தபோது மணி 10:15. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தோம். காபியும் குழந்தைக்கு ஆரஞ்சு ஜூஸும் சொன்னோம், இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு முக்கியமாக வரும்.

சாப்பாட்டு ஆர்டர் எடுக்க ஆள் வந்தபோது 10:30. சின்னப் பையன், இருபது வயது இருக்கும். அம்மாவுக்குக் காய்கறி ஆம்லெட்டும் இரண்டு கோதுமை டோஸ்ட்டும். அப்பாவுக்கு மஞ்சள் கரு நன்றாக வெந்த இரண்டு முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு. குழந்தைக்குச் சின்ன பேன்கேக் தட்டு. மற்றவர்களுக்கும் அதே மாதிரி சாதாரணமானவைதான். பையன் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார். அம்மா அவரிடம், “தம்பி, எவ்வளவு நேரம் ஆகும்? நான் மாத்திரை போடணும்” என்று கேட்டார். “பத்து நிமிஷத்துல வந்துடும்மா” என்றார். அந்த வார்த்தையை நம்பி அம்மா மாத்திரையை விழுங்கினார்.

அம்மா போடுவது சாப்பாட்டுக்கு முன் போடும் வகை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அளவு பயமில்லை. ஆனால் இந்த வகை மாத்திரையையோ, வேகமாக வேலை செய்யும் இன்சுலினையோ எடுத்துக்கொண்ட பிறகு சாப்பாடு தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். மாத்திரை உள்ளே போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது, சாப்பாடு வந்தே ஆக வேண்டும்.

10:45 ஆயிற்று, வரவில்லை. கேட்டோம். “ரெடியாகிட்டு இருக்கு.” 10:55-க்கு மறுபடி கேட்டோம். அதே பதில். இடையில் ஒருவர் காபிக் குடுவையோடு மேஜை மேஜையாக வந்து, யாரும் கேட்காமலே எல்லோர் கோப்பையையும் நிரப்பிவிட்டுப் போனார். 11:05-க்கு அந்தப் பையன் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. “சார், கிச்சன்ல பிரஞ்சுக்கு மாத்திட்டாங்க. காலை உணவு முடிஞ்சுது. பிரஞ்ச் செட் மட்டும்தான் தர முடியும்.”

நாங்கள் 10:30-க்கே சொல்லிவிட்டோமே என்றேன். அவர் தரையைப் பார்த்தார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறார்.

பிரஞ்ச் செட் என்பது அங்கே ஒரே விலையில் ஒரே தட்டு. நாங்கள் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று அக்கா சொல்ல வாயெடுத்தபோதுதான் அம்மாவைப் பார்த்தேன். காபியைக் கலக்கிய ஸ்பூனைக் கோப்பைத் தட்டில் வைக்கப் போனார். ஸ்பூன் தட்டில் பட்டுக் கிடுகிடுவென்று சத்தம் போட்டது. கை அப்படி நடுங்கியது. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பேச்சுக் கொடுத்தேன், “ம்” என்று மட்டும் சொன்னார். எப்போதும் கலகலவென்று பேசுகிறவர்.

பையில் குளுக்கோமீட்டர் இருந்தது நல்லதாகப் போயிற்று. 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அக்கா உடனே குழந்தையின் ஜூஸ் கோப்பையை எடுத்து அம்மாவின் வாயருகே வைத்தாள். ஏறக்குறைய 150 மில்லி குடித்தார். அந்த அளவு ஜூஸில் சுமார் 15 கிராம் சர்க்கரை இருக்கும். 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்க்க வேண்டும் என்பதுதான் எல்லா டாக்டர்களும் சொல்கிற கணக்கு. மேஜையில் இருக்கிற சர்க்கரைப் பொட்டலங்களும் உதவும், ஆனால் ஒன்றில் மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். ஒன்றைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தோம், 81. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனால் ஜூஸ் ஏற்றிய சர்க்கரை நெடுநேரம் தாங்காது. அதன் மேல் ஒழுங்கான சாப்பாடு போயாக வேண்டும். அந்த நிலையில் ஆறு பேரும் எழுந்து, காரில் ஏறி, இன்னொரு இடம் தேடி, அங்கே மறுபடி வரிசையில் நின்று... நினைத்துப் பார்க்க முடியுமா? மேலாளர் எங்கள் மேஜை அருகிலேயேதான் நின்றார். மீட்டரைப் பார்த்தார். “இரண்டு டோஸ்ட் மட்டும் உடனே கொடுங்கள், என்ன விலையானாலும் போடுங்கள்” என்று கேட்டேன். “தனியாகத் தர முடியாது சார், செட்டாகத்தான்” என்றார். ரொட்டியும் டோஸ்டரும் எங்களுக்கு நேர் எதிரே கவுண்டரில் இருந்தன. அந்தப் பதிலை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஆறு செட் சொன்னோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். காலை உணவை ஒரு நேரத்தோடு நிறுத்துவதற்கு உண்மையான காரணம் உண்டு. இந்த மாதிரி சமையலறைகளில் பெரும்பாலும் அகலமான ஒரே இரும்புக்கல்தான். பேன்கேக்குக்கு ஒரு சூடு, முட்டைக்கு அதைவிடக் குறைந்த சூடு, பிற்பகல் பர்கர் வகைக்கு இன்னும் அதிகச் சூடு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் எதுவும் சரியாக வராது. அதனால் மாற்றும் நேரம் என்று ஒன்று வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் 10:30-க்கு ஆர்டர் எடுக்கும்போதே சொல்ல வேண்டாமா? வாசலிலேயே சொல்லியிருந்தால் வேறு இடம் போயிருப்போம்.

அப்புறம் தட்டு வந்தது, உடனே வந்தது. அதுவே விஷயத்தைச் சொல்லிவிட்டது. கிளறிய முட்டையின் ஓரங்கள் பச்சையும் சாம்பலுமான ஒரு நிறத்தில் இருந்தன. ஸ்பூனால் லேசாக அழுத்தினேன், தண்ணீர் பிரிந்து தட்டில் ஓடியது. முட்டையை நெடுநேரம் சூட்டில் வைத்திருந்தால் வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து இந்த நிறம் வரும். அதிகமாக அவித்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருமே, அதேதான். புரதம் அளவுக்கு மேல் இறுகும்போது பிடித்து வைத்திருந்த நீரைக் கக்கிவிடும். அந்த நிறத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த முட்டை எங்களுக்காகச் செய்ததில்லை, எவ்வளவோ நேரமாகத் தட்டில் காத்திருந்தது என்று அது காட்டிக்கொடுத்தது.

அதைவிட எனக்குக் கவலை தந்தது சூடு. சூடாக வைத்துப் பரிமாறும் உணவு குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, ஃப்ரிட்ஜ் குளிருக்கு மேலே உள்ள இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த முட்டையை அந்த இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எங்கள் தட்டில் இருந்தது வெதுவெதுப்பு மட்டும்தான். ஹாலண்டைஸ் சாஸ் ஊற்றிய முட்டையும் செட்டில் இருந்தது. சாஸின் மேல் ஆடை படிந்திருந்தது. வேகாத மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் இளஞ்சூட்டில் அடித்துச் செய்கிற சாஸ் அது. அதிகச் சூடு காட்டினால் திரிந்துவிடும், சூடு குறைந்தால் கிருமிக்கு வசதி. உடனுக்குடன் செய்து ஊற்றினால்தான் அதைச் சாப்பிடலாம். அப்பாவை அதைத் தொட விடவில்லை. அன்று இரவு அப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. அந்தக் கிளறிய முட்டைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சால்மொனெல்லா மாதிரியான கிருமி என்றால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரைகூட ஆகலாம், அதற்குள் வேறு எதுவும் சாப்பிட்டிருப்போம். மறுநாளே சரியாகிவிட்டது.

வாஃபிளுக்கு ‘அசல் மேப்பிள் சிரப்’ என்று மெனுவில் இருந்தது. கவுண்டரில் அதை ஊற்றிய பெரிய புட்டியை அத்தான் பார்த்துவிட்டு வந்தார். சோளச் சிரப்பும் நிறமும் மணமும்தான். ஒரு லிட்டர் அசல் மேப்பிள் சிரப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டும். அதனால்தான் அதற்கு அந்த விலை. சோளச் சிரப் கொடுப்பதில் தவறில்லை, அசல் என்று எழுதியதுதான் தவறு.

பில் வந்ததும் நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். காபி நிரப்பியதற்கெல்லாம் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். காலை உணவில் மறுபடி நிரப்புவது இலவசம், பிரஞ்சில் கிடையாதாம். நிரப்பியது 11 மணிக்கு முன்னால்! குழந்தைக்கும் பெரியவர்களுக்கான முழு செட் விலை. ஆறு பேருக்கு மேல் என்றால் சேவைக் கட்டணம் தானாகச் சேரும் என்று மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். ‘மேல்’ என்றால் ஏழு பேர் அல்லவா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆனால் பில்லின் தலையில் ஒரு வரி இருந்தது. மேஜை திறந்த நேரம் 10:17. அதற்குக் கீழே காபி, ஜூஸ், அதே நேரம். சாப்பாட்டு ஆர்டர் பதினொன்றே கால் தாண்டி. அதாவது பானங்களை உடனே பில் போடும் மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள், நாங்கள் 10:30-க்குச் சொன்ன சாப்பாட்டை ஏற்றவே இல்லை. அது அந்த நோட்டிலேயே இருந்திருக்கிறது. மெஷினில் ஏற்றினால்தான் சமையலறையில் சீட்டு அச்சாகும், அதுவரை சமையல்காரருக்கு நீங்கள் வந்திருப்பதே தெரியாது. பக்கத்து மேஜைக்காரர்களும் 10:40-க்கே சொல்லிவிட்டு, கடைசியில் எங்களைப் போலவே பிரஞ்ச் செட் சாப்பிட்டார்கள். ஒரு மேஜை என்றால் மறதி என்று விட்டுவிடுவேன்.

மேலாளரிடம் அந்த நேரங்களைக் காட்டிக் கேட்டேன். காபிப் பணத்தை மட்டும் கழித்தார். மீதிக்கு, “பலகையில் போட்டிருப்பது சமையலறை நேரம்” என்றார்.

அதனால் இப்படி இரண்டு வேளைக்கும் நடுவில் போகிறவர்கள் உட்காரும் முன்பே கேளுங்கள்: 11 மணி வரை என்றால் 11-க்குள் உட்கார வேண்டுமா, ஆர்டர் கொடுக்க வேண்டுமா, தட்டு வந்துவிட வேண்டுமா? ஆர்டர் கொடுத்த கையோடு, “மெஷினில் ஏற்றிவிட்டீர்களா?” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். கால் மணி நேரம் தாண்டினால் சமையலறைச் சீட்டின் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். கோப்பையை நிரப்ப வருகிறவரிடம் இதற்குப் பணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்லை அங்கேயே படியுங்கள், அதில் இருக்கும் நேரங்களையும் சேர்த்து.

மாத்திரை விஷயத்தில் எங்கள் டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டோம். வெளியே சாப்பிடுகிற நாளில், தட்டு மேஜைக்கு வந்த பிறகே போடுங்கள் என்று அம்மாவின் மாத்திரைக்குச் சொன்னார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுக்கும் மருந்துக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து மாறும். அம்மாவின் கைப்பையில் இப்போது குளுக்கோஸ் வில்லைகளும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் எப்போதும் இருக்கின்றன.

கணக்கையும் நேரங்களையும் எழுதி, பில் படத்தோடு உரிமையாளருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். வாசலில் அதே பலகை, அதே 11 மணி. உள்ளே கைத்தடியோடு ஒரு பெரியவரை அவர் மகள் கைபிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். மணி அப்போது 10:20. காரை நிறுத்திவிட்டுப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன்.