சைன் அவுட் ஆகாத கணக்குகள்: வன்னிப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ரோமிங் புரொபைல்

முப்பது கணினி, ஒரு விண்டோஸ் சேர்வர், 6ஆம் தரம் முதல் உயர்தரம் வரை பிள்ளைகள். எந்தக் கதிரையில் இருந்தாலும் தன்னுடைய டெஸ்க்டொப் வரவேண்டும் என்பதற்காக ரோமிங் புரொபைல்: பிள்ளையின் கோப்புகளும் அமைப்புகளும் (புரொபைல்) சேர்வரில் இருந்து கணினிக்குக் கணினி கூடவே வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இந்த அமைப்புச் சரிவருமா என்று கேட்டால், பல தவணைகள் ஓடிய பிறகு சொல்லக்கூடிய பதில் இதுதான்: உள்ளே வருவதில் சிக்கல் குறைவு. வெளியே போவதில்தான் முழுத் தலையிடியும்.

பிள்ளை உள்ளே வரும்போது சேர்வரில் உள்ள புரொபைல் கணினியின் சி டிரைவுக்கு இறங்குகிறது. விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அவருடைய பகுதியான என்டியூசர்.டாட் கோப்பு ஏற்றப்படுகிறது. சைன் அவுட் கொடுத்ததும் திறந்திருக்கும் மென்பொருள்களை மூடி, அந்தக் கோப்பை இறக்கி, மாறிய கோப்புகளைச் சேர்வருக்குத் திருப்பி எழுத வேண்டும். கணக்குப் பாருங்கள். 30 பிள்ளைகள் ஆளுக்கு 200 எம்பி புதிதாகச் சேர்த்திருந்தால் 6000 எம்பி. சேர்வருக்குப் போகும் வயர் 100 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 100 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) சுவிச்சில் மாட்டியிருந்தால் நடைமுறையில் செக்கனுக்கு 11 எம்பி அளவுதான் போகும். ஆக, 9 நிமிடம். மணி அடித்து அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும்போது ஒன்பது நிமிடம் யார் பொறுப்பது? பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து விடுவார்கள். மறுநாள், "சேர், என்ர பைலெல்லாம் காணேல்ல."

"லொக் அவுட் ஆகேல்ல" (சைன் அவுட் ஆகவில்லை) என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை உண்மையில் வெளியே போனாரா என்பது. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரம் திறந்து கியூயூசர் என்று அடித்தால் அந்தக் கணினியில் யார் யார் இருக்கிறார்கள், ஐடி எண் என்ன, நிலை என்ன என்று காட்டும். நிலைப் பத்தியில் 'டிஸ்க்' (வெளியேறாமல் தொடர்பு மட்டும் விட்ட நிலை) என்று நாலு பெயர் வரிசையாக நின்றால் புரொபைலில் பிழை இல்லை. ஒருவரும் சைன் அவுட் கொடுக்கவில்லை, பூட்டிய திரையில் 'அதர் யூசர்' அழுத்தி ஒருவர் மேல் ஒருவராக ஏறியிருக்கிறார்கள். 4 ஜிபி ராம் உள்ள கணினி அதோடு படுத்துவிடும். லொகோஃப் கட்டளையுடன் அந்த ஐடி எண்ணைக் கொடுத்து ஒவ்வொருவராக இறக்கலாம்.

நிரந்தர மருந்து, எல்லாக் கணினிக்கும் சேர்வரிலிருந்தே விதி போடும் குரூப் பொலிசியில் இருக்கிறது. கம்பியூட்டர் பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்பிளேட்ஸ், சிஸ்டம், லொகொன் என்று இறங்கி, அப்படி ஆள் மாறவிடும் பாஸ்ட் யூசர் சுவிச்சிங்கை மறைக்கும் கொள்கையை எனேபிள் செய்யுங்கள். அதைச் செய்தால் யூசர் பக்கத்தில் உள்ள 'ரிமூவ் லொக் கம்பியூட்டர்' கொள்கையையும் சேர்த்தே போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குறும்பன் பூட்டிவிட்டுப் போன கணினி ரீஸ்டார்ட் செய்யும்வரை அடுத்தவருக்கு உதவாது.

கியூயூசரில் ஒருவரும் இல்லை, ஆனாலும் கோப்புகள் சேர்வருக்குப் போகவில்லை என்றால், விண்டோஸ் நிகழ்வுகளை எண்ணோடு காட்டும் இவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து, யூசர் புரொபைல் சேர்விஸ் எழுதியவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 1530 என்ற எண்ணைக் கண்டு பலர் பதறுவார்கள். ரெஜிஸ்ட்ரிக் கோப்பை வேறு ஏதோ மென்பொருள் விடாமல் பிடித்திருந்தது என்பதுதான் அதன் பொருள். எக்ஸ்பி காலத்தில் இதற்கென்று யூபிஎச்கிளீன் என்ற தனிக் கருவியே தேவைப்பட்டது. விஸ்டாவுக்குப் பிறகு விண்டோஸ் தானே வலிந்து இறக்கிவிடும். ஆகவே 1530 தனியாக வந்தால் விட்டுவிடலாம். பக்கத்திலேயே 1504 வந்திருந்தால்தான் புரொபைல் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 1509 எந்தக் கோப்பில் தடக்குப்பட்டது என்று பாதையோடு சொல்லும். பிடித்து வைத்திருந்த மென்பொருளின் பெயர் 1530இன் விவரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் பிரின்டரோடு வந்து கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓடும் சிறு செயலி, அல்லது வைரஸ் காவல். பிரின்டருக்கு டிரைவரை மட்டும் போட்டு மற்றச் சாமான்களைக் கழற்றிவிட்டால் பாதி குறையும்.

1511 வந்தால் நிலைமை வேறு. தற்காலிகப் புரொபைலில் பிள்ளை உள்ளே விடப்பட்டிருக்கிறார். அன்று டெஸ்க்டொப்பில் சேமித்தது சைன் அவுட்டோடு அழிந்துவிடும். இதை உண்டாக்குபவர்களில் முதலிடம் பெறுபவர் பெரும்பாலும் ஆய்வுகூடப் பொறுப்பாளரே! இடம் போதவில்லை என்று யூசர்ஸ் கோப்புறைக்குள் போய்ப் பிள்ளையின் கோப்புறையை அழித்துவிடுவார். ரெஜிஸ்ட்ரியின் புரொபைல்லிஸ்ட் பகுதியில் பதிவு அப்படியே இருக்கும். விண்டோஸ் இல்லாத கோப்புறையைத் தேடித் தோற்றுப்போகும். சரியான வழி: கணினியை ரீஸ்டார்ட் செய்து நிர்வாகியாக உள்ளே வந்து, சிஸ்டம் புரொபர்ட்டீஸ், அட்வான்ஸ்ட், யூசர் புரொபைல்ஸ் வழியாக அந்தக் கணக்கை அழிப்பது. கோப்புறையும் பதிவும் ஒன்றாகப் போகும். அழிக்கும் முன் டெஸ்க்டொப்பையும் டொக்கியூமன்ட்ஸையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சேர்வரில் உள்ளது கடைசியாக ஒழுங்காகப் போன பிரதி மட்டுமே.

இனி, எங்கள் பக்கத்துக்கே உரிய விடயம்: கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதாவது நேர அட்டவணை இருந்தது. ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு அட்டவணை கிடையாது. சேர்வருக்கு யூபிஎஸ் இருக்கும், கணினிகள் சிலவற்றுக்கும் இருக்கும்; சுவரில் தொங்கும் சுவிச்சை யாரும் நினைக்க மாட்டார்கள். கரண்ட் போனதும் "கெதியா லொக் அவுட் பண்ணுங்கோ" என்று சொல்ல, பிள்ளைகளும் சொன்னபடி செய்ய, இடையில் உள்ள சுவிச் செத்துக் கிடக்கும். யூபிஎஸ் உள்ள எல்லாக் கணினியிலும் ஒரே நிமிடத்தில் 1504 விழுந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். சிறு சுவிச் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சேர்வரின் யூபிஎஸ்ஸிலிருந்தே ஒரு வயர் இழுத்துக் கொடுத்தால் போதும்.

ஒரே ஒரு கணினியில் மட்டும் கோப்புகள் பழையபடி திரும்பினால் அதன் திகதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி தேய்ந்தால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போகும். எது புதியது என்பதை நேர முத்திரை பார்த்தே ஒப்பிடுவதால், இன்று செய்த வேலை பழையதென்று ஒதுக்கப்படும். சேர்வருடன் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் விலகினால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனையும் தடுமாறும்.

விண்டோஸ் 7உம் 10உம் கலந்து வைத்திருப்பவர்களுக்கு வேறொரு மயக்கம் வரும். சேர்வரில் புரொபைல் கோப்புறையின் வாலில் 7க்கு வீ2 என்றும், 10இன் 1607 பதிப்பிலிருந்து வீ6 என்றும் ஒட்டும். இரண்டும் தனித்தனி. கோப்பு தொலையவில்லை, மற்றக் கோப்புறையில் கிடக்கிறது.

வகுப்புக்கு ஒரு பொதுக் கணக்கு என்ற பழக்கத்தை ரோமிங்கோடு சேர்க்கவே வேண்டாம். ஒரே கணக்கில் முப்பது பேர் வந்தாலும், சேர்வரில் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி தடுக்காது. யார் இப்போது உள்ளே இருக்கிறார் என்ற பட்டியலே அதனிடம் இல்லை. கடைசியாக வெளியே போனவரின் என்டியூசர்.டாட் மற்றவர்களுடையதை மேலெழுதிவிடும். கணக்கு உள்ளே வரக்கூடிய நேரத்தை வரையறுக்கும் லொகொன் ஹவர்ஸ் போட்டு நேரம் முடிந்ததும் வெளியேற்றலாம் என்பதும் பொய் நம்பிக்கை. அதோடு வரும் 'போர்ஸ் லொகோஃப்' அமைப்பு சேர்வரின் பகிர்வுத் தொடர்பை மட்டும் வெட்டும். கணினியில் பிள்ளை அப்படியே இருப்பார், சேமிக்கத்தான் இடம் இருக்காது.

ஆகவே தீர்ப்பு: முழு ரோமிங் புரொபைல் இந்தச் சூழலுக்குப் பாரம். டெஸ்க்டொப், டொக்கியூமன்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் போல்டர் ரீடிரெக்ஷனால் நேரே சேர்வருக்குத் திருப்பிவிட்டால், வேலை செய்யச் செய்யவே கோப்பு அங்கே எழுதப்படும். சைன் அவுட்டில் ஆளுக்கு 10 எம்பி மிஞ்சினால் 300 எம்பி. அதே பழைய சுவிச்சில் அரை நிமிடத்துக்குள் முடியும். கீழ் வகுப்புகளுக்கு இன்னும் ஒரு படி போய், மாற்றங்களைச் சேமிக்காத மேன்டட்டரி புரொபைல் கொடுக்கலாம். ஒழுங்குபடுத்திய டிஃபோல்ட் புரொபைலை 'கொப்பி டு' மூலம் வீ6 வால் உள்ள கோப்புறைக்கு எடுத்து, 'எவ்ரிவன்' அனுமதி கொடுத்து, என்டியூசர்.டாட்டை என்டியூசர்.மேன் என்று பெயர் மாற்றினால் சரி. திருப்பி எழுத ஒன்றும் இருக்காது. மாற்றிய வோல்பேப்பர் மறுமுறை நிற்கவில்லை என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

பயர்பொக்ஸ் மட்டும் இதற்குப் பிறகும் தொல்லை தரும். அதன் புரொபைல், மென்பொருள்களின் அமைப்புகள் சேரும் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதிக்குள் இருப்பதால் அந்தப் பகுதியையும் ரீடிரெக்ட் செய்யாதீர்கள். இரண்டு கணினியில் ஒரே கணக்குத் திறந்தால் ஏற்கனவே ஓடுகிறது என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

பாடசாலை 1.30க்கு விடுகிறது என்றால் 1.45க்கு டாஸ்க் ஷெடியூலரில், சிஸ்டம் கணக்கில் ஓடும்படி ஒரு கட்டாய ரீஸ்டார்ட் போடுங்கள். ஷட் டவுனை விட ரீஸ்டார்ட் நல்லது. பாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினி ஷட் டவுனில் விண்டோஸின் உட்கருவான கேர்னலை மூடாமல் உறங்க வைக்கும். பிற்பகல் வகுப்பு உள்ள நாட்களில் அந்த டாஸ்க்கை நிறுத்தி வையுங்கள். சேமிக்காத வேலை இருக்கிறதா என்று அது யாரையும் கேட்காது.